இருபது நாள் காகிதம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தம்பி போன் செய்தான். இங்கே கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. "அக்கா, ஆறு வாரமா ஒரு வீட்டுல வேலை ஓடுது. ஜெனரல் கான்ட்ராக்டர் ஆரம்பத்துல ஒரு செக்கு குடுத்தார், அதோட சரி. லீன் போடலாம்னு சொல்றாங்க. நீங்கதான் அதெல்லாம் பார்ப்பீங்கன்னு அண்ணன் சொன்னார்" என்றான். ஜெனரல் கான்ட்ராக்டர் என்றால் வீட்டுக்காரரிடம் மொத்த வேலையையும் எடுத்து எங்களைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். லீன் என்றால் கூலி பாக்கிக்காக அந்த வீட்டின் மேல் பதிவு செய்கிற உரிமை.

பணம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "பிரிலிம் நோட்டீஸ் அனுப்பினியா?" என்று கேட்டேன்.

"அப்படின்னா?"

அதே கேள்வியை 2015-ல் நானும் கேட்டேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை 14,300 டாலர். அவனிடம் அன்று ஒரு மணி நேரம் பேசியதை இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. என் கணவர் டைல்ஸ் பதிக்கிறவர், அதற்கான கலிபோர்னியாவின் சி-54 லைசென்ஸ் வைத்திருக்கிறார். கணக்கு, பில், தபால் எல்லாம் நான். பத்து வருஷத்துக்கு மேலாக இதைப் பார்த்து வருவதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவகோட்டையில் மேஸ்திரியாக இருந்தார். அவரிடம் நீளவாக்கில் மடித்த ஒரு சிட்டை நோட்டு இருக்கும். யாருக்கு எத்தனை ஆள், சித்தாள் கூலி எவ்வளவு, வீட்டுக்காரர் கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பென்சிலில் எழுதியிருப்பார். அப்பா போன பிறகு அந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசி வரியில் பாக்கி இருந்தது. கிரகப்பிரவேசத்தன்று தட்டில் வேட்டி துண்டு வைத்து மேஸ்திரிக்கு மரியாதை செய்வார்கள். அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பாக்கியை அன்றைக்குக் கேட்கக்கூடாது, நல்ல நாள். மறு வாரம் கேட்டால் "கொஞ்சம் பொறு மேஸ்திரி, இப்பத்தானே செலவு ஆச்சு" என்பார்கள். அதற்கு அடுத்த மாதம் வாசலிலேயே நிறுத்திப் பேசுவார்கள். தான் கட்டிய திண்ணையில் அப்பா உட்காராமல் நின்று பேசிவிட்டு வந்ததை நான் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நகை செய்கிற ஆசாரிக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கூலி வராமல் நகையைக் கொடுக்க மாட்டார். தையற்காரரும் அப்படித்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, அதன் 170-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி கிடைக்கும் வரை நகை வேலைக்காரர் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே உதாரணம் போட்டிருக்கிறார்கள். ஆனால் கொத்தனார் என்ன செய்வார்? செங்கல்லை வைத்துப் பூசிய அந்த நிமிஷமே அது வீட்டுக்காரரின் சுவர். டைல்ஸும் அப்படித்தான். ஒட்டிக் காய்ந்த பிறகு பெயர்த்தால் உடைந்துதான் வரும். பெயர்க்க நமக்கு உரிமையும் கிடையாது.

அமெரிக்காவில் அந்த இடத்தில்தான் மெக்கானிக்ஸ் லீன் வருகிறது. மெக்கானிக் என்றதும் வண்டி ரிப்பேர் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்குக் கைத்தொழில் செய்கிறவர் என்ற பழைய பொருள். லீனைச் சட்டத் தமிழில் பற்றுரிமை என்பார்கள். நம் ஊர் ஆளுக்குப் புரியும்படி ஒரே சொல்லில் சொல்வதென்றால் வில்லங்கம். ஈ.சி. போட்டுப் பார்த்தால் அடமானம் தெரிகிற மாதிரி, கவுன்டி ரிகார்டர் ஆபீஸ் பதிவில் அந்த வீட்டின் பேரில் நம் பாக்கி தெரியும். வீட்டை விற்கப் போனாலும், கடனை மாற்றி எழுதப் போனாலும் சொத்தின் பத்திரப் பதிவுகளைச் சரிபார்க்கிற டைட்டில் கம்பெனி அதைக் காட்டி நிறுத்திவிடும். அதற்கு மேலும் பணம் வரவில்லையென்றால் கோர்ட்டுக்குப் போய் அந்தச் சொத்தை விற்றுக்கூட வசூலிக்கக் கேட்கலாம்.

இது நேற்று வந்த சட்டம் இல்லை. 1791-ல் மேரிலாந்து மாநிலம் முதலில் கொண்டு வந்தது. வாஷிங்டன் நகரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். கடனுக்கு வேலை செய்யவும் சாமான் கொடுக்கவும் ஆட்கள் தயங்கியதால், அவர்களுக்கு நம்பிக்கை தருவதற்காக ஜெபர்சன் போன்றவர்களின் ஆதரவோடு வந்தது. கலிபோர்னியாவில் ஒரு படி மேல். மாநில அரசியல் சட்டத்திலேயே, 14-வது பகுதி, 3-வது பிரிவில், தொழிலாளிக்கும் சாமான் கொடுத்தவருக்கும் இந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அரசியல் சட்டத்தில் இருந்தும் 2015-ல் எங்களுக்கு அது உதவவில்லை. காரணம், தேதி.

அந்த வேலை ஃப்ரீமான்டில் ஒரு வீட்டை விரிவாக்கிக் கட்டியது. மூன்று பாத்ரூம், ஒரு சமையலறைச் சுவர். மொத்தம் 21,300 டாலர். ஜெனரல் கான்ட்ராக்டர் நம் ஊர்க்காரர். என் கணவரை "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். மார்ச் 9-ம் தேதி வேலை ஆரம்பித்து மே 15-ம் தேதி முடித்தோம். நடுவில் 7,000 டாலர் வந்தது. மிச்சம் 14,300. "வீட்டுக்காரர் இன்னும் குடுக்கல, தங்கச்சி. வந்ததும் முதல் செக்கு உங்களுக்குத்தான்" என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்காரர் கொடுத்து முடித்து விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

லீன் போடலாம் என்று யாரோ சொல்ல, விசாரித்தபோதுதான் பிரிலிமினரி நோட்டீஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டேன். கலிபோர்னியாவில் சப் கான்ட்ராக்டர், அதாவது வீட்டுக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர், வேலை ஆரம்பித்த 20 நாளுக்குள் ஒரு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒன்று, ஜெனரல் கான்ட்ராக்டருக்கு ஒன்று, கட்டுமானத்துக்குக் கடன் கொடுத்த பாங்க் இருந்தால் அதற்கு ஒன்று. "இந்த வீட்டில் நான் இன்ன வேலை செய்கிறேன், உத்தேசமாக இவ்வளவு மதிப்பு" என்று சொல்கிற காகிதம். அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்வதில்லை. பாக்கி என்று எதுவும் அதில் இல்லை. ஆனால் அது போகாமல் லீன் கிடையாது.

20 நாள் தாண்டிவிட்டால் முழுவதும் போச்சா என்றால், இல்லை. எப்போது அனுப்புகிறோமோ அந்த நாளிலிருந்து 20 நாள் பின்னால் போய், அன்று முதல் செய்த வேலைக்குச் செல்லும். அதற்கு முன் செய்ததற்குச் செல்லாது. நான் ஜூன் 2-ம் தேதி அனுப்பினேன். காலண்டரை வைத்து பின்னோக்கி எண்ணினேன். மே 13. அந்த வேலையில் மே 13, 14, 15 மூன்று நாளும் என் கணவர் செய்தது கிரவுட் அடைத்ததும் துடைத்துக் கொடுத்ததும் மட்டுமே. 1,100 டாலர் கூட வராது. இரண்டு மாதம் முழங்காலில் நின்று வாட்டர்ப்ரூஃப் பூசி, ஷவர் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க ஒழுகுகிறதா என்று பார்த்து, ரசமட்டம் வைத்து ஒவ்வொரு வரிசையாக ஏற்றிய வேலை எல்லாம் அந்தத் தேதிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

ஜெனரல் கான்ட்ராக்டர் மேல் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேஸ் போட்டோம். அப்போது தனி ஆளுக்கு அங்கே உச்ச வரம்பு 10,000 டாலர். மிச்சம் 4,300-ஐ விட்டுக்கொடுத்துத்தான் போட முடிந்தது. ஜெயித்தோம். ஆனால் அவர் கம்பெனியை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தீர்ப்புக் காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு டாலர் கூட வரவில்லை.

ஏன் நோட்டீஸ் அனுப்பவில்லை என்று என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். தெரியாதது ஒரு காரணம். ஆனால் தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அனுப்பியிருப்போமா என்பது சந்தேகம்தான். நம் வீட்டில் சாப்பிட்ட மனிதருக்கு, வேலை ஆரம்பித்த இரண்டாவது வாரமே சர்டிஃபைட் மெயிலில் சட்டக் காகிதம் அனுப்பினால் என்ன நினைப்பார் என்ற கூச்சம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. அப்பாவுக்கும் அதுதான். நல்ல நாளில் கேட்கக்கூடாது, வேண்டியவரிடம் கேட்கக்கூடாது. கடைசியில் வேண்டியவர்கள் பெயர்தான் நோட்டில் அதிகமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை ஆரம்பித்த முதல் வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போய்விடும். 300 டாலர் வேலையோ 30,000 டாலர் வேலையோ, தெரிந்தவரோ தெரியாதவரோ. எல்லோருக்கும் அனுப்புவதால் யாரும் தன்னைச் சந்தேகப்படுவதாக நினைக்க முடியாது. தபாலில் போட்ட தேதிதான் கணக்கு என்பதால் போஸ்ட் ஆபீஸ் முத்திரை விழுந்த சீட்டைப் பத்திரமாக வைப்பேன். தபால் கிடைத்ததற்குக் கையெழுத்தாகித் திரும்பி வருகிற பச்சை அட்டையைக் கவரின் பின்னால் பின் அடித்து வைப்பேன். பெரிய ஜெனரல் கான்ட்ராக்டர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. நோட்டீஸ் வரவில்லை என்றால்தான் அவர்கள் ஆபீஸில் போன் செய்து கேட்பார்கள்.

வீட்டுக்காரர்கள் விஷயம் வேறு. 2019-ல் சான் ரமோனில் ஒரு வேலை. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருக்கிறவர். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே எனக்குப் போன் செய்தார். குரல் நடுங்கியது. அவர் பயந்ததில் தப்பே இல்லை. அந்தக் காகிதத்தில் சட்டம் சொல்கிறபடி பெரிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். நீங்கள் உங்கள் கான்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும், இந்த நோட்டீஸ் அனுப்பியவருக்குப் பணம் போகாவிட்டால் உங்கள் வீட்டின் மேல் லீன் வரலாம் என்று. ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கட்ட நேரலாம் என்று அதற்கு அர்த்தம். தனியாக இருக்கிற ஒரு அம்மாவுக்கு அதைப் படித்தால் தூக்கம் வருமா?

நான் அவரிடம் சொன்னேன்: இது உங்களைக் குறை சொல்கிற காகிதம் இல்லை, உங்கள் வீட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குக் காட்டுகிற காகிதம். இனிமேல் கான்ட்ராக்டருக்குச் செக் கொடுக்கும்போது, லீன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எங்களைப் போன்றவர்கள் கையெழுத்துப் போட்ட விடுதலைப் படிவத்தைக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் அவர் பெயரும் எங்கள் பெயரும் சேர்த்து ஒரே செக் எழுதுங்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் மாற்ற முடியாது. அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதற்காக நிறுத்திய இடைவெளி இன்னும் காதில் இருக்கிறது.

அந்த விடுதலைப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் அனுப்பாமல் பணத்தை இழந்தவர்களைப் போலவே இதில் கையெழுத்துப் போட்டு இழந்தவர்களும் நிறைய. கலிபோர்னியாவில் நாலு படிவம் உண்டு, வாசகம் உட்படச் சட்டமே வகுத்துக் கொடுத்தது. இடையில் வரும் தொகைக்கு இரண்டு, கடைசித் தொகைக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் கன்டிஷனல் ஒன்று, அன்கன்டிஷனல் ஒன்று. கன்டிஷனல் என்றால் செக் பாங்கில் பாஸ் ஆன பிறகுதான் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. அன்கன்டிஷனல் என்றால் கையெழுத்துப் போட்ட நொடியே போயிற்று. பணம் வராவிட்டாலும் போயிற்று. அந்தப் படிவத்தின் தலையிலேயே, பணம் வராமல் இருந்தாலும் இது உங்களைக் கட்டுப்படுத்தும், பணம் வரவில்லையென்றால் கன்டிஷனல் படிவத்தைப் பயன்படுத்துங்கள் என்று அச்சடித்திருக்கும். ஆனால் யார் படிக்கிறார்கள்?

சான் ரமோன் வேலையில் ஜூலை மாதம் இது நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கணவர் கரணையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். கையெல்லாம் தின்செட், டைல்ஸ் ஒட்டுகிற கலவை. ஜெனரல் கான்ட்ராக்டர் லாரியின் பின் கதவை இறக்கி, அதன் மேல் காகிதத்தை வைத்துப் பேனாவைக் கொடுத்தார். இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வீட்டுக்கார அம்மாவிடம் செக் வாங்கி உடனே உனக்குத் தருகிறேன் என்றார். என் கணவர் எனக்குப் போன் செய்து மேலே இருக்கும் முதல் வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். 'அன்' என்று ஆரம்பித்தது. "வேண்டாம். கன்டிஷனல் வண்டியில முன்பக்கம் ஃபைல்ல இருக்கு, அதுல போட்டுக் குடுங்க" என்றேன். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தத் தடவை செக் வந்தது.

கடைசித் தொகைதான் வரவில்லை. 11,850 டாலர். நாங்கள் எங்கள் வேலையை ஆகஸ்ட் 16-ம் தேதி முடித்தோம். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஓடிக்கொண்டிருந்தது. மொத்த வேலையும் முடிந்த நாளிலிருந்து 90 நாள் இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்று நானும் இருந்தேன். இங்கே கவனிக்க வேண்டியது, நம் பங்கு முடிந்த நாளிலிருந்து கணக்கு இல்லை, வீட்டு வேலை முழுவதும் முடிந்த நாளிலிருந்து. அது செப்டம்பர் 3. ஆனால் வேலை முடிந்த 15 நாளுக்குள் வீட்டுக்காரர் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன், அதாவது வேலை முடிந்தது என்ற அறிவிப்பு, ஒன்றைப் பதிவு செய்தால் சப் கான்ட்ராக்டரின் 90 நாள் 30 நாளாகச் சுருங்கிவிடும். ஜெனரல் கான்ட்ராக்டருக்கு 60. தான் குடியிருக்கும் வீட்டில் வேலை நடந்தால், பதிவு செய்ததை நமக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம்கூட வீட்டுக்காரருக்குக் கிடையாது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கட்கிழமை. கான்ட்ரா கோஸ்டா கவுன்டியின் பதிவுப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். செப்டம்பர் 6-ம் தேதி பதிவாகியிருந்தது. அன்றைக்கு 24-வது நாள். 30-வது நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கை கால் ஓடவில்லை.

லீன் காகிதம் பெரிய விஷயம் இல்லை. யார் வேலை செய்தது, எந்த வீடு, யார் சொல்லிச் செய்தது, என்ன வேலை, பாக்கி எவ்வளவு. நோட்டரி தேவையில்லை. ஆனால் பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழியோடு கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரருக்குத் தபாலில் பிரதி அனுப்பினதற்கான வாக்குமூலமும் அதோடு சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் லீன் செல்லாது. தொகையில்தான் என் கணவரோடு சின்ன வாக்குவாதம். அலைந்த அலைச்சல், அதனால் தள்ளிப்போன வேறு வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் போடு என்றார். அது கூடாது. பேசின விலை அல்லது செய்த வேலைக்கு நியாயமான மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான். ஏமாற்றும் எண்ணத்தோடு வேண்டுமென்றே ஏற்றிப் போட்டது தெரிந்தால் மொத்தமும் செல்லாமல் போகும். 11,850 என்றே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை தபால். புதன்கிழமை, அக்டோபர் 2, காலையில் நான் மார்ட்டினஸுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். கவுன்டி ரிகார்டர் ஆபீஸ் அங்கேதான். 680 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வழியில் சான் ரமோன் வரும். அந்த அம்மாவின் வீட்டுக்குத் திரும்புகிற எக்ஸிட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடத்தில் எனக்கு மனசு சரியில்லை. அவர் பெரும்பங்கு பணத்தைக் கொடுத்துவிட்டார். கான்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டியது 6,000 டாலர்தான் அவர் கையில் மிச்சம். நான் பதியப்போவது 11,850. ஜன்னலில் இருந்த பெண் பக்கங்களை எண்ணி, கட்டணம் வாங்கிக்கொண்டு, முத்திரை போட்டு ரசீது கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நானே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். தபாலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீ அன்றைக்குச் சொன்னதை நான் எழுதி வைத்தேன், ஆனால் கடைசித் தடவை அவரை நம்பிவிட்டேன்" என்றார்.

லீன் போட்டதோடு முடியவில்லை. பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் கோர்ட்டில் வழக்குப் போடாவிட்டால் அந்த லீன் செத்துவிடும். எங்களுக்கு அது டிசம்பர் 31. லீன் போட்டாயிற்று என்று காலை நீட்டி உட்கார்ந்து அந்த 90 நாளைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும். நடுவில் அந்த அம்மா 6,000 டாலரை இரண்டு பெயரும் போட்டுச் செக்காகக் கொடுத்தார். கான்ட்ராக்டர் மீதி கொடுக்காவிட்டால் லைசென்ஸ் போர்டில் புகார் கொடுப்பேன் என்றும் அவரிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடம் வாங்கிய பணத்தில் சப் கான்ட்ராக்டரின் பங்கை ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மாதம் 2 சதவீதம் அபராதம் என்று இங்கே சட்டம். வாங்கின பணத்தை வேறு வேலைக்குத் திருப்பினால் லைசென்ஸுக்கே ஆபத்து. பாக்கி 5,850-ஐக் கான்ட்ராக்டர் இரண்டு தவணையாகக் கொடுத்தார். கடைசிச் செக் டிசம்பர் 12-ம் தேதி பாஸ் ஆனது. மறுநாளே லீனை விடுவிக்கும் காகிதத்தைப் பதிவு செய்யக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

அவர் கொடுக்காமல் போயிருந்தால் அந்த அம்மாவின் வீட்டின் மேல் நாங்கள் வழக்குப் போட்டிருப்போமா? நானும் என் கணவரும் அந்த நவம்பரில் பல ராத்திரி இதைப் பேசினோம். அவர் போட வேண்டாம் என்றார். என் மனசு பாதி அவர் பக்கம், பாதி அப்பாவின் நோட்டுப் பக்கம். முடிவுக்கு வருவதற்குள் பணம் வந்துவிட்டது. இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரே உறுத்தல் இதுதான். தப்பு செய்தவர் நடுவில் நிற்கிறார், வில்லங்கம் ஒழுங்காகப் பணம் கொடுத்தவர் வீட்டில் விழுகிறது. அதனால்தான் வீடு கட்டுகிற, புதுப்பிக்கிற நம் ஆட்களிடமும் சொல்கிறேன், நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாதீர்கள். யார் அனுப்பினார்களோ அவர்கள் பெயரை எழுதி வைத்து, ஒவ்வொரு செக்குக்கும் முன்னால் அவர்கள் கையெழுத்தைக் கேளுங்கள்.

இன்னும் சில விஷயம். லைசென்ஸ் வேண்டிய வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்தால் கலிபோர்னியாவில் லீனும் கிடையாது, கோர்ட்டில் கூலி கேட்கவும் முடியாது. வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. பள்ளிக்கூடம், நூலகம் மாதிரி அரசாங்கக் கட்டடத்தின் மேல் லீன் போட முடியாது. அங்கே பேமென்ட் பாண்ட் என்று ஜாமீன் இருக்கும், அதன் மேல் கேட்கலாம். மத்திய அரசின் கட்டடங்களுக்கு 1935-ன் மில்லர் சட்டம். அதற்கும் தனித் தேதிகள் உண்டு. அப்புறம், டாலஸிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கேட்கிறவர்களுக்கு: நான் சொன்ன 20, 30, 90 எல்லாம் கலிபோர்னியாக் கணக்கு. நியூயார்க்கில் தனி வீடென்றால் நாலு மாதம், மற்றவற்றுக்கு எட்டு மாதம். டெக்சாஸில் ஒருவர் குடியிருக்கும் சொந்த வீட்டின் மேல் லீன் வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மாநிலக் கணக்கை அங்கே இருக்கிற வக்கீலிடம் ஒரு மணி நேரக் காசு கொடுத்தாவது கேட்டுவிடுங்கள்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனைக் காலண்டரை எடுக்கச் சொன்னேன். நாளைக்குத் தபாலில் போட்டால் எங்கிருந்து செல்லும் என்று இரண்டு பேரும் சேர்ந்து பின்னோக்கி எண்ணினோம். முதல் மூன்று வாரத்து வேலை போச்சு. வெளிச்சுவர் முழுவதும் அதில்தான். உள்ளே இரண்டு மாடியும், இனிமேல் செய்யப்போகிற கைப்பிடியும் கதவுகளும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். "அக்கா, அந்த வீட்டுக்காரர் நம்ம கோயில்ல பார்க்கிறவர். தப்பா நினைச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டான்.

தபால் போடுவதற்கு முன்னால் நீயே போன் செய்து சொல்லிவிடு என்றேன். சான் ரமோன் அம்மாவிடம் நான் சொன்ன வாசகத்தையே அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் போலவே அவனும் தயங்கித் தயங்கி, திங்கட்கிழமை காலையில்தான் போன் செய்திருக்கிறான். வீட்டுக்காரர் கேட்டதெல்லாம் ஒன்றுதானாம்: டைல்ஸ்காரர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூன்று பேரும் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள், உங்களுடையதுதான் ஏன் இன்னும் வரவில்லை என்று.